போவன்பள்ளி வராண்டாவும் அறுபது சீட்டும்

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி, வழக்கம்போல அம்மாவுக்கு போன் போட்டேன். இங்கே மின்னியாபோலிஸில் முழங்கால் அளவு பனி. அங்கே போவன்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். (காய்கறிக் கழிவிலிருந்து கரண்ட் எடுக்கிறார்களே, அதே மார்க்கெட்தான்.) "பையன் எங்கடா?" என்றார். "சீட்டு அடுக்கிட்டிருக்கான்மா, ரெண்டு வாரத்துல போட்டி இருக்கு" என்று யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "உங்க மாமா கதை மறந்துபோச்சா உனக்கு? பன்னெண்டு வயசுப் புள்ளைக்குச் சீட்டாட்டம் கத்துக் குடுக்கறியா?"

அம்மா, இது போக்கிமான், படம் போட்ட சீட்டு, காசு வைத்து ஆடுவதில்லை என்று என்னென்னவோ சொன்னேன். "படம் போட்டா சீட்டு இல்லன்னு ஆயிடுமா? ராஜா ராணிகூடப் படந்தான்." போனை வைத்துவிட்டார். பக்கத்தில் தங்கமணி ஒரு பேப்பரை நீட்டினாள். பையன் மூணு மாசத்தில் இந்தச் சீட்டுக்காகச் செலவு செய்த கணக்கு. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு இருந்தது.

பையனைப் போட்டிக்கு அனுப்பலாமா கூடாதா? அதை முடிவு செய்யத்தான் பழசையெல்லாம் கிளறினேன். கிளறினால் விஷயம் எங்கள் ஊரிலேயே வந்து நின்றது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

போவன்பள்ளியில் தமிழ்க் குடும்பமா என்று கேட்பவர்களுக்கு: சிக்கந்தராபாத் 1806-ல் ஆங்கிலேயர்களின் ராணுவக் கண்டோன்மெண்டாக உருவான ஊர். நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் சிக்கந்தராபாத். மதராஸ் படையோடு சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், கணக்குப்பிள்ளைகள் என்று தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். 1862-ல் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். பின்னாளில் மெஹபூப் காலேஜ் ஆன அந்த இடத்தில்தான் 1893 பிப்ரவரியில், சிகாகோ போவதற்கு முன், விவேகானந்தர் பேசினார். பத்மாராவ் நகரின் பெயரில் இருப்பவரும் ஒரு முதலியார்தான். எங்கள் அப்பா இவ்வளவு பெரிய வரலாற்றில் எல்லாம் இல்லை. 1966-ல் தென் மத்திய ரயில்வே உருவாகி சிக்கந்தராபாத் தலைமையகம் ஆனபோது மாற்றலாகி வந்த குமாஸ்தா, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வராண்டாவில் பாய் விரியும். அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர். இரண்டு கட்டு சீட்டு, பதின்மூன்று சீட்டு ரம்மி. ஸ்கூட் இருபது, மிடில் ஸ்கூட் நாற்பது, ஃபுல் எண்பது. புள்ளிக்கு ஒரு பைசா. சாயங்காலம் தோற்றவர் காசில் எல்லாருக்கும் இரானி சாயா, உஸ்மானியா பிஸ்கட். நான் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அம்மா அந்தப் பக்கமே வர மாட்டார். காரணம் மாமா. அம்மாவின் தம்பி. அவர் ஆடியது ரம்மி இல்லை, மூணு சீட்டு. அதுவும் வீட்டு வராண்டாவில் இல்லை, ஒரு லாட்ஜ் மாடியில். அம்மாவின் கல்யாண வளையல் இரண்டு அந்த மாடிப்படி ஏறிப் போனதோடு சரி, திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "சீட்டு" என்பது கெட்ட வார்த்தை.

அப்பா இதற்கு ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தார்: "ரம்மி சூதாட்டம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு." சின்ன வயசில் அதை அப்பாவின் சமாளிப்பு என்றுதான் நினைத்தேன். இப்போது தேடிப் பார்த்தால், மனுஷன் சொன்னது அட்சர சுத்தம். அதைவிட ஆச்சரியம், அந்த வழக்கு எங்கள் ஊர் வழக்கு!

1963 மே 4. சிக்கந்தராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற மனமகிழ் மன்றத்தில் போலீஸ் நுழைந்தது. உள்ளே காசு வைத்து ரம்மி நடந்துகொண்டிருந்தது. ஆடியவர்கள் மேல் மட்டுமல்ல, கிளப்பின் பொருளாளர், செயலாளர் மேலும் வழக்கு. எந்தச் சட்டத்தில் தெரியுமா? நிஜாம் காலத்து ஐதராபாத் சூதாட்டச் சட்டம், பசலி 1305, அதாவது ஏறக்குறைய 1895-96-ல் போட்டது. நிஜாம் ஆட்சி போய், ஐதராபாத் மாநிலமும் போய், ஆந்திரப் பிரதேசம் வந்த பிறகும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

மாஜிஸ்திரேட் தண்டித்தார். உயர் நீதிமன்றம் விடுவித்தது. மாநில அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 'ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா' என்ற வழக்கில் 1967 நவம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஹிதாயதுல்லா, அடுத்த ஆண்டே இந்தியத் தலைமை நீதிபதி ஆனவர். அரசு தோற்றது.

நான் சட்டம் படித்தவன் இல்லை, பொட்டி தட்டுகிறவன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மி அப்படி இல்லை. கீழே விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைக் கையில் வைப்பது, எதை எறிவது என்று யோசித்துக் கையைக் கட்ட வேண்டும். சீட்டைக் கலைத்துப் போடுவதால் அதிர்ஷ்டம் இருக்கத்தான் செய்யும், ஆனால் பிரிட்ஜ் ஆட்டத்திலும் அதே அளவு அதிர்ஷ்டம் உண்டு. ஆகவே ரம்மி பிரதானமாகத் திறமையின் ஆட்டம். இதற்கு முன்பே, 1957-ல், குறுக்கெழுத்துப் போட்டிகள் பற்றிய சமர்பாக்வாலா வழக்கில் திறமைப் போட்டி வேறு, சூது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்திருந்தது. அந்தக் கோட்டைச் சீட்டுக்கட்டின் நடுவே இழுத்தது எங்கள் சிக்கந்தராபாத் வழக்கு.

அந்தத் "திறமை" என்ன என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படி. கையில் ஆட்டின் ஏழும் எட்டும் இருக்கிறது என்று வையுங்கள். ஆறு வந்தாலும் சேரும், ஒன்பது வந்தாலும் சேரும். இரண்டு கட்டு என்பதால் ஆறு இரண்டு, ஒன்பது இரண்டு, ஆக நாலு சீட்டு உங்களுக்கு உதவும். அதுவே ஏழும் ஒன்பதும் இருந்தால்? நடுவில் எட்டு மட்டும்தான், இரண்டே சீட்டு. வாய்ப்பு சரிபாதி. இதில் எதிராளி ஒரு ஆட்டின் எட்டை முன்பே எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தீர்களா? அப்படியானால் மிச்சம் ஒன்றே ஒன்று. இன்னும் அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எண்பது புள்ளி வாங்குவான். "வந்த சீட்டு உன் கையில இல்லடா, விடற சீட்டு உன் கையில இருக்கு" என்பார் அப்பா.

இப்போது என் பையன் விளையாட்டுக்கு வருகிறேன். இந்த வகை விளையாட்டு பிறந்தது 1993-ல். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசாமி 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். அதுவரை உலகத்தில் சீட்டாட்டம் என்றால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இவர் அதை மாற்றினார். ஆயிரக்கணக்கான சீட்டுகள் விற்பனைக்கு. அவற்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு கட்டை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்து மோத வேண்டும். அதாவது ஆட்டத்தில் பாதி, மேஜைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். 1996-ல் ஜப்பானில் வந்து 1999-ல் ஆங்கிலத்துக்கு வந்த போக்கிமான் சீட்டும் இதே ஜாதிதான்.

போக்கிமானில் ஒரு கட்டில் சரியாக அறுபது சீட்டு. அடிப்படை எனர்ஜி தவிர, ஒரே பெயருள்ள சீட்டு நாலுக்கு மேல் கூடாது. முதலில் ஏழு சீட்டு எடுக்க வேண்டும். பையன் என்னிடம் ஒரு நாள் கேட்டான்: "நாலு வெச்சிருந்தா முதல் கையிலேயே ஒண்ணாவது வர்றதுக்கு எவ்வளவு சான்ஸ்பா?" உட்கார்ந்து போட்டோம். நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது. ஒன்றே ஒன்று வைத்தால் பன்னிரண்டுக்கும் கீழே. ஆகவே "எனக்குப் பிடித்த பெரிய டிராகன் எல்லாவற்றிலும் ஒன்று" என்று கட்டுகிற பையன் தோற்பான். சண்டை போடும் சீட்டு கொஞ்சம், அதைத் தேடி எடுத்து வரும் சீட்டு நிறைய என்று கட்டுகிறவன் ஜெயிப்பான். கையிலிருப்பதை எல்லாம் எறிந்துவிட்டு ஏழு புதுசாக எடுக்க வைக்கும் ஒரு சீட்டுகூட உண்டு. பையன் அதை நாலு வைத்திருந்தான். எனக்கு அப்பாவின் வார்த்தை ஞாபகம் வந்தது.

மேஜிக் வரலாற்றில் இன்னொரு கதை. 1996-ல் அட்லாண்டாவில் பால் ஸ்லை என்பவர் ஒரு தகுதிப் போட்டிக்கு ஒரு சிவப்புக் கட்டோடு வந்தார். ஜே ஷ்னைடர் என்ற நண்பர் யோசித்துக் கட்டியது. உள்ளே இருந்ததெல்லாம் யாரும் சீந்தாத சில்லறைச் சீட்டுகள். ஆனால் முதல் சுற்றில் இறக்க இத்தனை, இரண்டாவது சுற்றில் இறக்க இத்தனை என்று ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிற சக்தி ஒரு துளிகூட வீணாகாமல் எண்ணி அடுக்கியிருந்தார்கள். விலை உயர்ந்த சீட்டுக்காரர்கள் மூச்சு வாங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அந்த மாதிரிக் கட்டுக்கு இன்றைக்கும் 'ஸ்லை' என்றுதான் பெயர். நம்ம வீட்டுப் பெண்கள் மாசக் கடைசியில் நடத்துகிற சிக்கனக் குடித்தனம் மாதிரி :-)

ஆக, ஹிதாயதுல்லா சொன்ன அளவுகோலில் பார்த்தால் என் பையன் ஆட்டம் ரம்மியைவிடத் திறமை கூடினது. அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத் தீர்ப்பை இன்னொரு முறை படித்தேன். அங்கேதான் சிக்கினேன்.

தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. அப்பா சொல்லாத பாதி. கிளப் சீட்டுக்கும் நாற்காலிக்கும் கட்டணம் வாங்கியது சகஜம்தான், அதை வைத்துக் குற்றம் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் கூடவே ஒரு எச்சரிக்கை: பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து, அது ரம்மியே ஆனாலும், இடத்துக்காரர் லாபம் எடுக்கிறார் என்று ஆதாரம் இருந்தால் அது குற்றமாகலாம். அதாவது கேள்வி ஒன்று இல்லை, இரண்டு. திறமையா அதிர்ஷ்டமா என்பது ஒன்று. மேஜையிலிருந்து யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது இன்னொன்று.

கணக்காகவே பாருங்கள். ஆறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு அறுபது. அதில் மூணு ரூபாய் இடம் கொடுத்தவனுக்கு. இருபது ஆட்டம் முடிந்தால் அறுபது ரூபாய் மேஜையை விட்டுப் போயிருக்கும். ஆறு பேரும் சூரப்புலிகளாக இருந்தாலும் சரி, இந்த அறுபது திரும்பி வராது. மாமா போன லாட்ஜ் மாடியிலும் இதேதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பங்கு. எங்கள் வராண்டாவில் யார் ஜெயித்தாலும் காசு சாயாவாகத் திரும்பி வந்தது.

இந்த இரண்டாம் கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் ஓரமாக வைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. 1996-ல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கில் (1974-ல் கலைஞர் ஆட்சியில் கொண்டுவந்த தடைச் சட்டத்தை எதிர்த்தது) பந்தயமும் திறமைதான் என்றது உச்ச நீதிமன்றம். அதற்கும் துணைக்கு நின்றது இந்த ரம்மித் தீர்ப்பு. பிறகு செல்போன் வந்தது, ஆன்லைன் ரம்மி வந்தது. "இது திறமை விளையாட்டு" என்று விளம்பரத்தில் சினிமாக்காரர்கள் சொன்னார்களே, அந்த வாசகத்தின் வேர் சிக்கந்தராபாத்தில்தான் இருக்கிறது. 1963-ல் ஒரு அறையில் இருந்த மேஜை, இப்போது ஒரே நேரத்தில் லட்சம் பேர் உட்காரும் மேஜை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்கு ஒரு பங்கு.

கடன் வாங்கி ஆடித் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடுத்தடுத்துப் படித்திருப்பீர்கள். தெலங்கானா 2017-லேயே காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. தமிழ்நாடு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் மறுபடி சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்றது உயர் நீதிமன்றம். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது: இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் கூடாது. சிக்கந்தராபாத்தில் இழுத்த கோட்டை அந்தச் சட்டம் தாண்டிப் போய்விட்டது.

சரி, என் வீட்டு மேஜைக்கு வருகிறேன். பையன் ஆட்டத்தில் இடத்துக்காரன் எங்கே இருக்கிறான்? போட்டியில் இல்லை. நுழைவுக் கட்டணம் சினிமா டிக்கெட் அளவுதான். அவன் இருப்பது பாக்கெட்டில்! உள்ளே என்ன சீட்டு இருக்கிறது என்று தெரியாமல் வாங்குகிறோமே, அந்த மூடிய பாக்கெட். அபூர்வச் சீட்டு வராதா என்று ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. இது சூதாட்டம்தான் என்று இங்கே சீட்டுக் கம்பெனிகள் மேல் 1990-களின் கடைசியில் வழக்குகூடப் போட்டார்கள். 2002-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், காசுக்குச் சீட்டு கிடைத்துவிட்டது, எதிர்பார்த்தது வரவில்லை என்ற ஏமாற்றத்தைச் சொத்து நஷ்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தள்ளிவிட்டது. கோர்ட் கணக்கு அது. வீட்டுக் கணக்கு வேறு. தங்கமணியின் பேப்பரைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தொகையில் முக்கால்வாசி பாக்கெட்!

பையனை உட்கார வைத்து மாமா கதையை முதல் முறையாக முழுசாகச் சொன்னேன். வளையல் உட்பட. அப்புறம் ஒரு ஒப்பந்தம். பாக்கெட் உடைப்பது நிறுத்தம். கட்டுக்கு எது வேண்டுமோ அந்தச் சீட்டை மட்டும் தனியாக விலை பார்த்து வாங்கலாம், மாசத்துக்கு இவ்வளவு என்று. முகம் தொங்கிப் போச்சு. ஆனால் அரை மணி நேரத்தில் பேப்பரும் பென்சிலுமாக வந்து, "அப்பா, இந்த விலை அதிகமான ரெண்டு சீட்டுக்குப் பதிலா இந்தச் சில்லறைச் சீட்டு நாலு போட்டா என்ன?" என்றான். ஸ்லை கதை வேலை செய்திருந்தது.

போட்டிக்குப் போனோம். ஐந்து சுற்று. மூணு வெற்றி, ரெண்டு தோல்வி. பரிசு ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, தீர்ப்பு, பாக்கெட், ஒப்பந்தம் எல்லாம் சொன்னேன். மாமா பேச்சு வந்தபோது, "அந்த மாடிக்காரன் மட்டும் பின்னாடி ரெண்டு வீடு கட்டினான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "பையன்கிட்ட குடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மூணு ஜெயிச்சியாமே கண்ணா. அந்த ரெண்டுல ஏன் தோத்தே?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா போனை வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் இந்தப் பாக்கெட் தொல்லை எப்படிப் போகிறது? எழுதுங்கள்.